மச்சம் தொடாதவரின் கரிச்சட்டி

நவரத்தினத்தாரை அறியாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது எங்கள் நாலுமாடிக் கட்டடம். அதில், மச்சம் என்று நாங்கள் சொல்லும் மீனும் இறைச்சியும் ஏறாத வீடு, எனக்கு மேல்வீட்டில் இருந்த அவருடையது மட்டும்தான். முட்டை போட்ட கேக் என்று தெரிந்தால் பிறந்தநாள் வீட்டில்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாரையும் குறைசொல்ல மாட்டார். ஆனால் அந்த நிற்பைப் பார்த்தால் நமக்குத்தான் கேக் இறங்காது. அப்படிப்பட்ட மனிதர் இறைச்சி சுடுகிற சட்டி ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஆனார். கடவுள் வேலையில்லாமல் இருக்கும் நேரங்களில் இப்படித்தான் ஏதாவது செய்வார் போலும்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. நவரத்தினத்தார் கொள்ளுப்பிட்டியில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அங்கிருந்த டென்மார்க் துரை, இந்த நாட்டு வெடிச்சத்தம் போதும் என்று மூட்டை கட்டினார். போகும்போது தன் வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்ளும்படி அலுவலகத்தில் வேலை செய்தவர்களிடம் சொன்னார். மின்விசிறி போயிற்று, குளிர்பெட்டி போயிற்று, தொலைக்காட்சிக்கு இரண்டு பேர் சண்டையும் பிடித்தார்கள். நவரத்தினத்தார் வேலை முடிந்து கந்தோர் யன்னல்களை எல்லாம் சாத்திப் பூட்டிவிட்டு, கடைசி ஆளாக ஆறுதலாகப் போனார். மிஞ்சியிருந்தது மூன்று காலில் நிற்கும் கறுத்த உருண்டை ஒன்று. மேலே குமிழ் வைத்த மூடி, உள்ளே கம்பித் தட்டு, அடியிலே ஒரு காற்றுவழி, மூடியிலே திருகித் திறக்கும் துளைத் தகட்டோடு இன்னொரு காற்றுவழி.

துரை தரையில் குந்தியிருந்து அரைமணி நேரம் விளங்கப்படுத்தினாராம். கீழே கரி, மேலே இறைச்சி, எப்போதும் மூடி. கீழ்த் துளையால் காற்று ஏறும், மேல் துளையால் புகை போகும். கூடத் திறந்தால் நெருப்புக் கூடும், குறைத்தால் குறையும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த நவரத்தினத்தாருக்குத் தான் சைவச் சாப்பாட்டுக்காரன் என்று சொல்ல மனம் வரவில்லை.

"துரை அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லித் தந்தபிறகு வேண்டாமெண்டு சொன்னால் அந்தாளின்ரை மனம் என்ன பாடுபடும், தம்பி?" என்று என்னிடம் கேட்டார். புறக்கோட்டை நடைபாதையில் ஒருவன் நன்றாக விளக்கினான் என்பதற்காக ஒரே நாளில் மூன்று குடை வாங்கி வந்த மனிதரிடம் நான் என்ன சொல்ல?

உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்தவரைப் பம்பலப்பிட்டிச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். கறுப்பாக, உருண்டையாக, இரும்பில், காலோடு ஒரு சாமான். அதைப் பிடித்திருப்பவர் நெற்றியில் மூன்று குறித் திருநீறு. அந்த வருடங்களில் இதைவிட மோசமான சேர்க்கை கொழும்பில் கிடையாது. சிப்பாய் துள்ளிப் பின்னுக்குப் போனான்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மஸ் புச்சன எக்க," என்றார் நவரத்தினத்தார். இறைச்சி சுடுகிறது.

மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தான். கம்பித் தட்டைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு அவருடைய நெற்றியைப் பார்த்தான்.

"மாத்தயா மஸ் கனவாத?" ஐயா இறைச்சி சாப்பிடுவீரா?

"நே." இல்லை.

"எஹெனங் மேக்க மொகட்டத?" அப்படியானால் இது எதற்கு?

நவரத்தினத்தார் மூடியை எடுத்துத் திரும்பப் போட்டார். பின்னால் நின்ற பஸ் கோர்ன் அடித்ததால் சிப்பாய் கையைக் காட்டி விட்டுவிட்டான். "அவன் கேட்டது ஞாயமான கேள்விதானே, தம்பி," என்று பல நாள் சொல்லிச் சொல்லி வருந்தினார்.

வீட்டில் அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்கா வாசலிலேயே மறித்தார். "உதென்ன கண்டறியாத சாமான்? மேலை மொட்டைமாடியிலை கொண்டுபோய் வையுங்கோ. வீட்டுக்குள்ளை வரப்படாது." வைத்த பிறகு அக்காவே மேலே போய் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டு வந்தார். அது அவருடைய வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் குளிர்பெட்டிக்குப் பொட்டு, தையல் மெசினுக்குப் பொட்டு, காஸ் சிலிண்டருக்குப் பொட்டு. அசையாமல் நின்றால் எனக்கும் வைத்துவிடுவார்.

நவரத்தினத்தார் முதலில் சுட்டது கத்தரிக்காய். கரி பிடிக்கவில்லை என்று மண்ணெண்ணெயை ஊற்றிக் குச்சியைத் தட்டினார். நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பி அவருடைய புருவத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போயிற்று. கறுத்த புகை வானத்துக்கு ஏறியது. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த நாளிலிருந்து கறுத்த புகை என்றால் எங்கள் ஒழுங்கையே வாசலுக்கு வந்துவிடும். பெண்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். ரெயில்பாதைக் காவலரணிலிருந்து இரண்டு சிப்பாய்கள் துவக்கோடு மேலே ஏறினார்கள். வந்து பார்த்தால் பாதிப் புருவத்தோடு ஒரு மனிதர் ஆறு கத்தரிக்காய்க்குக் காவல் நிற்கிறார். அவர்கள் கத்தரிக்காயை முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். மண்ணெண்ணெய் மணத்த கத்தரிக்காய் ஆறையும் நவரத்தினத்தாரே சாப்பிட்டு முடித்தார். அவ்வளவு ரோசம்.

ரோசம் வந்தால் அந்த மனிதர் விடமாட்டார். பால்மாத் தகரம் ஒன்றின் அடியில் ஆணியால் துளைகள் போட்டு, கீழே கடதாசி வைத்து, மேலே சிரட்டைக் கரியை நிரப்பிப் பற்றவைத்தார். எண்ணெயே தேவைப்படவில்லை. கரி மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருந்து, சட்டியின் ஒரு பாதியில் மட்டும் கொட்டினார். மற்றப் பாதி வெறுமையாக இருக்கும். சூடு கூடினால் சாப்பாட்டை அந்தப் பக்கம் தள்ளலாம். சிரட்டைக் கரி பொல்லாத சூடு, துரை சொன்னதில் பாதி போதும் என்றும் கண்டுபிடித்தார்.

சூட்டை அளக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. கம்பித் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு "நமசிவாய, நமசிவாய" என்று ஆறுதலாகச் சொல்லுவார். இரண்டாவதில் கை தானாக இழுபட்டால் நெருப்புக் கடுமை, கீழ்த் துளையைக் குறைக்க வேண்டும். நாலைந்து சொல்ல முடிந்தால் பதம். பத்துக்கு மேலே போனால் அது நெருப்பில்லை, தியானம்.

ஒருநாள் மழை வந்தது. சட்டியை அப்படியே இழுத்துத் தண்ணீர்த் தாங்கி இருக்கும் சிறிய அறைக்குள் வைத்துக் கதவையும் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் அவரைத் தேடிப் போனவர் இரண்டாம் மாடி ஹியூபேட். ஹியூபேட் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த காப்புறுதி முகவர். பேச்சால் பிணத்துக்கும் காப்புறுதி விற்பார். போய்ப் பார்த்தால் நவரத்தினத்தார் தலை சுற்றிச் சுவரோடு சாய்ந்திருக்கிறார். இரண்டு கையிலும் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார் ஹியூபேட்.

"என்னா அண்ணே, சாகப் பாத்தீங்களா? கரிப்புகை சத்தமில்லாம ஆளக் கொல்லும். நனஞ்சா சட்டி காயும், நீங்க செத்தா காய்வீங்களா?"

அன்றோடு அது சட்டமாயிற்று. கூரைக்குக் கீழே கரிச்சட்டி இல்லை. முடிந்ததும் இரண்டு துளையையும் மூடி நெருப்பைத் தானாக அவிய விடவேண்டும், மறுநாள்தான் சாம்பலில் கைவைக்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்துக்கு ஹியூபேட்டின் நீலப் பிளாஸ்ரிக் வாளி உயிரைக் கொடுத்தது. ஆறிவிட்டது என்று நினைத்து அன்றைக்கே சாம்பலை அதில் கொட்டினார்கள். வாளியின் கைபிடி மட்டும் தப்பியது.

நெருப்பு வசப்பட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஹியூபேட் கோழி கொண்டுவரத் தொடங்கினார். வேலைப் பங்கீடு தெளிவானது. கோழியைப் போடுவதும் புரட்டுவதும் வெந்ததா என்று சொல்வதும் ஹியூபேட். நெருப்பு மட்டும் நவரத்தினத்தார். வேட்டியும் திருநீறுமாக நின்று காற்றுத் துளைகளைத் தட்டித் தட்டி அவர் சுட்டுத் தந்த கோழியைக் கட்டடமே தின்றது. பிறகு அவர் கீழே போய் முருங்கைக்காய்க் குழம்போடு சோறு சாப்பிடுவார். நாகேஸ்வரி அக்கா மட்டும் ஞாயிறுகளில் யன்னலைச் சாத்திக்கொள்வார். "அவவுக்கு அந்த மணம் ஒத்துக்கொள்ளாது, பாவம்," என்பார் இவர்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, சிவாஜினி. கம்பனி ஒன்றில் வேலை. கூட வேலை செய்த தெஹிவளை நளீபாவின் புரியாணிப் பார்சலில் கோழி தின்னப் பழகியவள். வெளியே என்ன தின்றாலும் கேட்பதில்லை, ஆனால் வீட்டாருக்கு வீட்டிலோ மொட்டைமாடியிலோ மச்சம் இல்லை என்பது தகப்பனுடைய விதி. அவளுக்குக் கலியாணம் முடிந்து மாப்பிள்ளை ஒஸ்லோவுக்குத் திரும்பிவிட்டார். இப்போது அவளுக்கும் விசா வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் வரும் என்று முடிவாயிற்று. விமானம் விடியத்தான் என்றாலும், வழியிலே எத்தனை சோதனை இருக்குமென்று யாருக்குத் தெரியும்?

போகிற கிழமையில் அவள் தகப்பனிடம் சொன்னாள்: "அப்பா, ஊரெல்லாம் நீங்கள் சுட்ட கோழியைத் தின்னுது. எனக்கு ஒருநாளும் தரேல்லை. போறதுக்கு முதல் உங்கட கையாலை ஒருக்கால் தாங்கோ."

நவரத்தினத்தார் நேரே என்னிடம்தான் வந்தார். "இந்த இருபத்தைஞ்சு வருசத்திலை அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு தேத்தண்ணிகூடப் போட்டுக் குடுக்கேல்லை, தம்பி. முதல்முதல் ஒண்டு கேட்டிருக்கிறாள்." திரும்ப எப்போது பார்ப்போம் என்று தெரியாமல் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. விதியைத் தளர்த்தலாமா என்று மனைவியிடம் பயந்து பயந்து கேட்டாராம். அக்கா நிமிர்ந்தும் பாராமல், "மேலை வைச்சுத் தின்னட்டும்," என்றாராம். இவ்வளவு கெதியில் சம்மதித்ததே அவருக்கு ஆச்சரியம்.

சனிக்கிழமை வந்தது. நளீபா மசாலா பூசிய கோழியோடு மத்தியானமே வந்துவிட்டாள். "அங்கிள், ராவே ஊறப்போட்ட. ஒங்கட நெருப்பு சரியா இருந்தாப் போதும்," என்று சொல்லி, சிவாஜினியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, ரோட்டு மூடுவதற்கு முன்பு வீடுபோய்ச் சேரவேண்டுமென்று ஓடினாள். ஹியூபேட் காலையிலேயே தாயைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தார். நாலு மணிக்கு அவர் என் வீட்டு ரெலிபோனுக்கு அடித்தார். யாரோ பெரிய ஆள் போகிறாராம், கோட்டைப் பக்கம் முழுக்க மூடிவிட்டார்களாம். "நான் வர ஏலாது. அண்ணேகிட்ட சொல்லுங்க, வெந்திச்சான்னு நல்லாப் பாத்துக் குடுக்கச் சொல்லி," என்றார்.

வெந்ததா என்று பார்க்கிற ஒரே ஆள் கொட்டாஞ்சேனையில். நெருப்பு மட்டும் தெரிந்தவர் மொட்டைமாடியில், வாழ்க்கையில் முதல்தடவையாகக் கோழியைக் கையால் தொட்டுக் கம்பித் தட்டில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வைத்ததில் ஒரு துண்டு கரிக்குள் விழுந்தது. மிச்சத்தை நானும் சிவாஜினியும் சரிப்படுத்தினோம். மூடியைப் போட்டு, மேல் தகட்டை முழுக்கத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அரைமணி ஆயிற்று. சட்டி சத்தம் போடவில்லை. கையை வைத்து நமசிவாய சொன்னார். பன்னிரண்டு போய்விட்டது. அடித் துளையையும் முழுக்கத் திறந்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். நெருப்பு செத்துக்கொண்டே போயிற்று. கோழி மேலே பழுப்பு, தொட்டால் இளஞ்சூடு. ஐந்தரை மணி.

"காத்துக் கீழாலை போகுது. மேலாலை வரேல்லை," என்று முணுமுணுத்தவர் முதல்முறையாகக் குனிந்து மூடியை உற்றுப் பார்த்தார். மேலே நாலு துளை. நாலிலும் சந்தனம், தடிப்பாக, காய்ந்து கல்லாகி, நடுவில் குங்குமம். அவர் அதைக் காலையிலேயே கண்டிருந்தார். ஆனால் அந்த வீட்டில் பொட்டில்லாத சாமான் ஏது? பொட்டை யார் குனிந்து பார்ப்பார்?

"நாகேஸ்!" அவர் போட்ட சத்தத்தில் அக்கா மேலே ஓடிவந்தார்.

"பிள்ளை பயணம் போற நாள். நல்ல காரியத்துக்கு முதல் வைக்காமல் விடுறதே? நாலு கண் மாதிரி இருந்துது. ஒண்டுக்கு வைச்சு மற்றதுக்கு வைக்காமல் விட்டால் நல்லாவே இருக்கும்?" என்றார் அக்கா. பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் அவருடைய கை வாய்க்குப் போயிற்று.

அக்காவின் கொண்டை ஊசியால் நாலு துளையையும் குத்தித் திறந்தோம். மூச்சு அடைத்துக் கிடந்த நெருப்புக்குச் சட்டென்று காற்றுக் கொடுத்தால் முகத்தில் பாயும் என்பதால், எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மூடியைத் தன் பக்கம் இல்லாமல் சரித்து மெல்லத் தூக்கினார். பால்மாத் தகரத்தில் புதுக் கரியைப் பூக்கவைத்துச் சேர்த்தார். கொஞ்ச நேரத்தில் சட்டி உயிர் பெற்றுப் பொரியத் தொடங்கியது. மணம் வந்தது. மேல்தோல் பொன்னிறமாகிக் கறுக்கவும் தொடங்கியது. மணி ஆறேகாலைத் தாண்டிவிட்டது.

"வெந்திட்டுதே, தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"வெந்த மாதிரித்தான் இருக்குது, அண்ணை," என்றேன். எனக்குப் பசித்தால் எல்லாம் வெந்த மாதிரித்தான் இருக்கும். அதை அவரும் அறிவார்.

ஒரு துண்டைப் பிய்த்துப் பார்க்கலாம் என்றால் எங்கே பிய்ப்பது, பிய்த்தால் என்ன நிறத்தில் இருக்கவேண்டும், ஒன்றும் அவருக்குத் தெரியாது. எடுத்த கத்தியைக் கீழே வைத்தார். "வேண்டாம் பிள்ளை. பச்சைக் கோழியைத் தின்னக் குடுத்து, வயித்துக் குழப்பத்தோடை உன்னைத் தனியப் பிளேனிலை ஏத்த என்னாலை ஏலாது. வாழைப்பழம் இருக்கு. அதைச் சாப்பிட்டிட்டுப் போ."

"ஓம் அப்பா," என்றாள் சிவாஜினி. அந்த ஓமைக் கேட்க எங்களால் முடியவில்லை. தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ," என்றார் நாகேஸ்வரி அக்கா. "மூடியைத் திறவுங்கோ."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். கத்தி முனையைக் கால் துண்டின் தொடையில், மூட்டோரம் எலும்புவரை இறக்கி எடுத்தார். இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது.

"இன்னும் வேகேல்லை. காலை நெருப்புப் பக்கம் திருப்புங்கோ. நெஞ்சுத் துண்டை அங்காலை தள்ளுங்கோ, அது கெதியிலை காஞ்சுபோம். இன்னுமொரு கால்மணித்தியாலம். திரும்பக் குத்தேக்கை தண்ணி தெளிவா வரவேணும்."

நவரத்தினத்தார் கையில் மூடியோடு அப்படியே நின்றார்.

"உமக்கு இது எப்பிடித் தெரியும்?"

அக்கா கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தார். "எங்கட வீட்டிலை ஞாயிறெண்டால் கோழிதான். பதினாலு வயசிலையிருந்து நான்தான் சமைக்கிறனான்."

"மச்சம் தொடாத குடும்பமெண்டெல்லோ புறோக்கர் சொன்னவர்?"

"அது புறோக்கர் சொன்னது. நாங்கள் சொல்லேல்லை. நீங்கள் வாறியளெண்டால் அப்பா கோழிக்கூட்டையே பக்கத்து வளவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ரெண்டு நாளைக்கு அந்த வீட்டிலை எல்லாரும் உங்களாலை பூசணிக்காய்தான்."

சிவாஜினிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. நானும் சிரித்தேன். நவரத்தினத்தார் சிரிக்கவில்லை.

"இருபத்தேழு வருசம். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, நாகேஸ்."

"நீங்கள் ஒருக்கால் கேட்டிருக்கலாமே." அக்கா கோபமாகச் சொல்லவில்லை. "முதல் ரெண்டு வருசம் சொல்லப் பயம். பிறகு பழகிப்போச்சு. உங்கட இந்தச் சட்டி வந்தபிறகுதான் ஞாயிற்றுக்கிழமையளிலை பெரிய கரைச்சல். யன்னலைச் சாத்தினாலும் மணம் வருது."

கால்மணித்தியாலம் கழித்துக் குத்தியபோது தண்ணீர் தெளிவாக வந்தது. சிவாஜினி நின்றபடியே தின்றாள். உறைப்பாலோ அழுகையாலோ மூக்கு ஒழுகியது. ஊதி ஊதித் துண்டு துண்டாகத் தகப்பனே பிய்த்துக் கொடுத்தார். கீழே வான் கோர்ன் அடித்தது, இரண்டாம் முறையும் அடித்தது. அவர் பிய்ப்பதை நிறுத்தவில்லை. அக்காவுக்கும் ஒரு துண்டை நீட்டினார். "இது பிள்ளைக்கு," என்று தள்ளிவிட்டார் அக்கா. ஏழே முக்காலுக்குத்தான் வான் புறப்பட்டது. சாரதி வாயில் எண்ணெய் மினுங்கியதால் அவரும் பிந்தியதைப் பற்றி முறைப்பாடு சொல்லவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் மேல்வீட்டில் சத்தமே இல்லை. இரண்டு பேரும் மாறி மாறி வாசல் கேற்றடியில் நிற்பதைக் கண்டேன். மூன்று குடை வாங்கியபோதுகூட அந்த மனிதர் இவ்வளவு சோர்ந்துபோய் நான் பார்த்ததில்லை. ஞாயிறு காலை அவர் சந்தைக் கோழிக்கடை வாசலில், ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டு நின்றதாக ஹியூபேட் வந்து சொன்னார். நான் நம்பவில்லை.

மத்தியானம் என் வீட்டு ரெலிபோன் அடித்தது. ஒஸ்லோவிலிருந்து சிவாஜினி. இரண்டு படியாகத் தாவி மேலே ஓடிப் போய்ச் சொன்னேன். நவரத்தினத்தார் மட்டும் இறங்கி வந்தார். வேட்டியெல்லாம் கரி. ரிசீவரை எடுத்து, சுகம் கேட்டு, குளிர் கேட்டு, மாப்பிள்ளையைக் கேட்டார். பிறகு அவள் தாயைக் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மா இப்ப வரமாட்டா, பிள்ளை," என்றார். "அம்மாவுக்குக் கையெல்லாம் கோழி."

மறுமுனையில் அவள் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கும் கேட்டது. சற்று நேரத்தில் அது அழுகை என்று விளங்கியது. "அழாதை, அழாதை, காசு ஓடுது," என்று சொல்லிக்கொண்டே, நவரத்தினத்தார் கரிக்கையால் தன் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் பூசிக்கொண்டார்.